புளி ஊறப்போட ஒரு சத்தம்

வண்டியை மாற்றக் கூடாது என்று எனக்குத் தோன்றியது, வலது கை முழுக்கப் புளிக்கரைசலோடு ஒரு பெண் தெருவில் என்னை நோக்கி ஓடி வந்தபோதுதான்.

அந்த நிமிடம் வரைக்கும் மாற்றுவதாகத்தான் இருந்தேன். ராமநாதபுரத்தில் எக்ஸ்சேஞ்ச் மேளா. பழைய வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் புது வண்டியின் விலையில் கழித்துக்கொள்வார்கள். நான் பார்த்து வைத்திருந்தது சிவப்பு நிறம், நல்ல உயரம், இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிக்கொண்டு லடாக் வரைக்கும் போகலாம். அதன் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு ஒரு வருடமாகத் திரிகிறேன். எங்கள் அய்யா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “லடாக்குல என்ன மீன் பிடிப்பே?” என்று மட்டும் கேட்டார்.

மாற்றுவதற்கு நான் ஓட்டிப் போனது அத்தையின் வண்டி. போன கார்த்திகை மழையில் அத்தை இறந்துபோனாள். இப்போது ஆனி. அதுவரை வண்டி எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாயின் கீழ் கடற்காற்று வாங்கிக்கொண்டு கிடந்தது. பாம்பனிலிருந்து நெடுஞ்சாலையில் நேராகப் போயிருந்தால் சீக்கிரமே ஷோரூமில் இருந்திருப்பேன். ஆனால் கைவிட்டுப் போகிற வண்டி, கடைசியாக ஒருமுறை அத்தை மீன் விற்கப் போகும் வழியிலேயே ஓட்டிப் போவோமே என்று ஓர் ஆசை. உச்சிப்புளி தாண்டி இடது பக்கம் திரும்பி, உத்தரகோசமங்கைப் பக்கத்துக் கிராமங்களுக்குள் போனேன்.

கண்மாய்க்கரை ஏறி இறங்கி ஊருக்குள் நுழைகிறேன். முதல் தெருவிலேயே அந்தப் பெண். இடது கையில் அலுமினியச் சட்டி.

“ஏண்டி, இத்தன நாளா எங்கன போயித் தொலஞ்ச?” என்று கத்திக்கொண்டே வந்தவள், என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். வண்டியைப் பார்த்தாள். பின்னால் மீன்பெட்டி இல்லை. மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

“இது அவ வண்டில்ல? அவ எங்க?”

அவளுக்கு நான் என்ன சொன்னேன், அதற்கு அவள் என்ன சொன்னாள் என்பதற்கு வருகிறேன். அத்தையைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. எங்கள் தெருவில் கடைசி வீடு அவளுடையது. அதற்கு அப்புறம் கடல்தான். கணவனை இழந்தவள். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தாள். விடிவதற்கு முன் கரையில் மீன் வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டு, புருஷன் விட்டுப்போன நூறு சிசி மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போவாள். சேலையை முழங்காலுக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றிச் செருகிக்கொண்டு அவள் கிக்கரை மிதிப்பதைப் பார்க்கப் பள்ளிக்கூடம் போகிற நாளில் நான் வாசலில் நிற்பேன். எனக்கு வண்டிப் பைத்தியம் பிடித்தது அங்கேதான். மெக்கானிக்கல் படித்து, ஓசூரில் ஒரு வேலை, சென்னையில் ஒரு வேலை என்று போய், இரண்டையும் உதறிவிட்டு வந்து நின்றபோது தெருவே என்னைத் துக்கம் விசாரித்தது. அத்தை மட்டும், “வந்துட்டியா இஞ்சினியரு? இந்த செயின் என்னமோ முனங்குது, என்னன்னு கேளு” என்றாள்.

உலகத்தில் அத்தைக்கு ஆகாதது ஒன்றே ஒன்றுதான். தனக்காக யாரும் காத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

கல்யாண வீட்டுப் பந்தியில் சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் வந்து நிற்பார்கள் இல்லையா, அது எல்லாருக்கும் பழக்கம்தான். பின்னால் நிற்கிறவரின் மூச்சு கழுத்தில் பட்டாலும் நாம் அசையாமல் பாயசம் வரைக்கும் போவோம். அத்தையால் முடியாது. ஒரு வாய் சாம்பார் சோறு, ஒரு வாய் ரசம், எழுந்துவிடுவாள். “பின்னால ஒருத்தி பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கிறாடி. எனக்குத் தொண்டையில எறங்கல” என்பாள். வீட்டுக்கு வந்து பழைய சோறு சாப்பிடுவாள். பெற்ற மகளின் கல்யாணத்திலேயே அப்படித்தான் செய்தாள்.

பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தமாட்டாள். பஸ்ஸுக்குள் இருக்கிற அத்தனை பேரும் தான் ஏறும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவள் கவலை. நிறுத்தத்தில் வேறு யாராவது கை காட்டினால் அவர்களோடு ஏறிக்கொள்வாள். யாரும் இல்லையென்றால் பஸ் போய்விடும். அதைச் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஏன் இப்படி என்று கேட்டால் கேட்கிற ஆளுக்கு ஒரு காரணம் சொல்வாள். எங்கள் அம்மாவிடம் ஜாதகத்தில் இருக்கிறது என்றாள். அவள் வண்டியைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் சின்ன வயதில் நாய் துரத்தியது என்றாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் இன்று வரைக்கும் யோசிக்கிறார். என்னிடம் ஒரே ஒருமுறை, திருக்கை மீனின் தோலை உரித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: “காத்துக்கிட்டு நிக்கிறவ மூஞ்சி எப்படி இருக்கும்னு நான் கண்ணாடியில பாத்திருக்கேன்.” அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர் என்பது தெருவுக்கே தெரியும். அத்தை அந்தத் திருக்கையில் பாதியை எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

இப்போது அந்த வண்டியின் சத்தத்துக்கு வருகிறேன்.

மீன்பெட்டியிலிருந்து ஐஸ் உருகி, உப்பும் மீன்வாடையுமாக வடிகிற தண்ணீர் நேராகச் செயினிலும் சைலன்சரிலும்தான் விழும். சைலன்சரில் கட்டைவிரல் போகிற அளவுக்குத் துரு ஓட்டை. உச்சிப்புளி மெக்கானிக் அண்ணன் ஒரு பால்பவுடர் டின்னை வெட்டி அதைச் சுற்றிப் போட்டுக் கம்பியால் கட்டிவிட்டார். அன்றிலிருந்து அந்த வண்டிக்கு ஒரு சத்தம் வந்தது. கஞ்சி கொதிக்கிற பானை மேல் மூடி கிடந்து ஆடுமே, அந்த மாதிரி. வயல்வெளியில் அது கண்மாயைத் தாண்டிக் கேட்கும்.

அந்தச் சத்தம் கேட்டதும் ஊரில் பெண்கள் புளியை ஊறப்போடுவார்கள். வண்டி ஊருக்குள் வந்து, தெருத்தெருவாக நின்று, தங்கள் வாசலுக்கு வருவதற்குள் புளி ஊறியிருக்கும். மீனைக் கழுவிக் குழம்பில் போடவேண்டியதுதான் பாக்கி. யாரும் சொல்லி வைத்து ஏற்பட்ட ஏற்பாடு இல்லை. அதனால்தான் யாரிடமும் அத்தையின் போன் நம்பர் கிடையாது. தேவைப்பட்டதே இல்லை.

ஆனால் கடல் ஏமாற்றுகிற நாள் உண்டு. காற்று, மழை, மீன்பிடித் தடைக்காலம். கரையில் ஒரு காரல் பொடிமீன்கூட இருக்காது. மற்ற வியாபாரிகள் அன்றைக்குத் தூங்குவார்கள். அத்தை காலிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவாள், மீன் இல்லை என்று சொல்லிவிட்டு வர.

“அத்தே, மீன் இல்லன்னா நீ வரலன்னு அவங்களே தெரிஞ்சுக்குவாங்க. இதுக்குப் போய் யாராவது பெட்ரோல் போடுவாங்களா?”

“எப்ப தெரிஞ்சுக்குவாளுக? மத்தியானம் தெரிஞ்சுக்குவாளுக. அதுவரைக்கும் காதத் தீட்டிக்கிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாளுக. போடி, படிச்சவளே.”

அதற்கும் ஒரு முறை வைத்திருந்தாள். மீன் இருக்கிற நாளில் ஹாரனைத் தொடவே மாட்டாள். மீன் இல்லாத நாளில் கண்மாய்க்கரையிலிருந்தே ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நுழைவாள். ஊரில் பால்காரர், ஐஸ்காரர், பழைய இரும்பு வாங்குகிறவர் எல்லாரும் ஹாரன் அடித்தால் ‘வந்துவிட்டேன்’ என்று அர்த்தம். அத்தை ஹாரன் அடித்தால் ‘புளி ஊறப்போடாதே’ என்று அர்த்தம். புதிதாகக் கல்யாணமாகி வருகிற மருமகள்களுக்கு மாமியார்கள் இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்களாம்.

நான் சும்மா இருப்பேனா? வாட்ஸ்அப் குழு ஆரம்பிக்கலாம் என்றேன். “களை பிடுங்குறவ போனைப் பாப்பாளா, களையைப் பாப்பாளா?” என்றாள். குரலைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் ஓட விடலாம் என்றேன். “என் கொரலையே நான் நாள் பூரா கேக்கணுமா? ஏத்தா, நான் என்ன பாவம் செஞ்சேன்?”

வண்டியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிளட்ச் என்றால் என்ன என்று கேட்டால் இடது கையைக் காட்டுவாள். ஒருமுறை துருவுக்கு மருந்து என்று வண்டி முழுவதும் மீன் எண்ணெயைப் பூசிவிட்டாள். வள்ளத்துக்குப் பூசினால் பலகை கெடாது, வண்டிக்குப் பூசினால் மட்டும் ஆகாதா என்பது அவள் கணக்கு. ரோட்டுப் புழுதி மொத்தமும் வண்டியில் ஒட்டி, அது எருமைக்கன்று மாதிரி ஆகிவிட்டது. பாம்பனில் இருக்கிற பூனைகள் எல்லாம் ராத்திரிப் படுக்கைக்கு அங்கேதான் வந்தன. காலையில் சீட்டைத் தட்டி, “எறங்குங்க தாயி, எனக்கு நேரமாச்சு” என்று ஒவ்வொன்றாக இறக்கிவிடுவாள். இன்றைக்கும் வெயிலில் வண்டியை நிறுத்தினால் அந்த வாடை எழும்பும்.

மெக்கானிக் அண்ணன் ஒவ்வொரு தடவையும் ஒரே பாட்டுத்தான் பாடுவார். “அக்கா, இத மாத்திருங்க. இதுக்கு மேல நான் கை வச்சா எனக்குத்தான் பாவம்.”

“நின்னுருமா?”

“எப்ப வேணாலும் நிக்கும். எங்கன நிக்கும்னு எனக்குத் தெரியாது.”

அந்தப் பதில் அவளை அரிக்கும். வழியில் வண்டி நின்றால் ஊறிய புளியோடு அவர்கள் காத்திருப்பார்களே. அப்படி ஒருநாள் நடந்தும்விட்டது. திருப்புல்லாணி தாண்டி ஒரு பனங்காட்டுப் பக்கம் செயின் அறுந்தது. வேறு யாராக இருந்தாலும் மீனைக் காப்பாற்றுவார்கள். அத்தை மீன்பெட்டியோடு வண்டியைப் பனை நிழலில் விட்டுவிட்டு, பால்காரர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, ஊர் ஊராகப் போய், “வண்டி படுத்துருச்சு, இன்னைக்கு நான் இல்ல” என்று சொல்லிவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது பெட்டி கவிழ்ந்து கிடந்தது. “காக்காக்கெல்லாம் அன்னைக்குக் கெடாவெட்டுடி” என்று சிரித்தாள். அன்று ராத்திரி முகம் வாடிப்போய்த்தான் என்னிடம் வந்தாள். “மாத்திருவமா?”

நான் துள்ளிக் குதித்தேன். மறுநாளே அவளை ராமநாதபுரத்துக்கு ஷோரூமுக்குக் கூட்டிப்போனேன். புத்தம்புது வண்டி. ஏறி உட்கார வைத்தேன். பட்டனை அமுக்கினாள். அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“அமுக்குனேன். கெளம்பலையே.”

“ஓடிக்கிட்டுத்தான் இருக்கு அத்தே.”

அவள் இறங்கி, குனிந்து, சைலன்சர் பக்கம் காதை வைத்தாள். விற்பனைப் பையன் பெருமையாக, “சத்தமே வராதும்மா” என்றான்.

“ஏய்யா, இது களவாங்கப் போறவனுக்கு ஆகும். எனக்கு எப்படி ஆகும்?”

திரும்பி வரும்போது உச்சிப்புளிப் பக்கம் அத்தை சொன்னாள்: “பழசு நின்னுபோனா காத்துக் கெடப்பாளுக. புதுசுல போனா நான் வந்ததே தெரியாம இருப்பாளுக. ரெண்டுல எது பெரிய பாவம், நீயே சொல்லு.” நான் எரிபொருள் சிக்கனத்தைப் பற்றி ஏதோ சொன்னேன். அவள் என் தலையில் குட்டினாள்.

மெக்கானிக் அண்ணன் பாவம், நல்லது செய்வதாக நினைத்து ஒருநாள் அவளைக் கேட்காமலே புது சைலன்சரை மாட்டிவிட்டார். மறுநாள் பாதி மீன் திரும்பி வந்தது. பெண்கள் வாசலுக்கு வருவதற்குள் வண்டி அவர்கள் தெருவைத் தாண்டியிருந்தது. வந்தவர்களும் புளி ஊறவில்லையே என்று வாங்கவில்லை. அத்தை நேராகப் பட்டறைக்குப் போய், பழைய இரும்புக் குவியலில் தானே இறங்கி, அந்த டின் சுற்றிய சைலன்சரைத் தேடி எடுத்து அவர் மடியில் வைத்தாள். “மாட்டு” என்றாள். அதற்குப் பிறகு அவர் அந்தச் சைலன்சரைத் தொட்டதில்லை. செயின், டயர், பிரேக் எல்லாவற்றையும் மாற்றினார். வண்டி நிற்காமல் இருக்கவும் வேண்டும், சத்தம் போகாமல் இருக்கவும் வேண்டும் என்று இரண்டுக்கும் நடுவில் அவரும் நானும் அவளோடு சேர்ந்து வருடக்கணக்கில் இழுத்துப் பிடித்தோம்.

கார்த்திகையில் ஒரு மழைநாள் விடியலில் அத்தை எழுந்திருக்கவில்லை. மகள் திருப்பூரிலிருந்து வந்து சேரும்வரை வைத்திருந்தோம். அத்தைக்காக ஊர் காத்திருந்தது அந்த ஒருமுறைதான். எல்லாம் முடிந்து கிளம்பும்போது மகள் சாவியை என் கையில் வைத்தாள். “ஓட்டு, இல்ல மாத்திக்க. எங்க வீட்டு வாசல்ல நிறுத்த எடமில்ல. உனக்குத்தான் அம்மா குடுத்திருப்பா.”

இனி அந்தப் பெண்ணிடம் வருகிறேன்.

“அவ எங்க?” என்று அவள் கேட்டதும், அத்தை இறந்துவிட்டதைச் சொன்னேன். எப்போது என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அவள் சட்டியைக் கீழே வைத்தாள். புளிக்கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மழைன்னு நெனச்சோம்” என்றாள். “அப்புறம் புயலுன்னாங்க. அப்புறம் தடைக்காலம்னு நெனச்சோம். சொல்லாம இருக்கமாட்டாளே, சொல்லாம இருக்கமாட்டாளேன்னு பேசிக்கிட்டே இருந்தோம்.”

அதற்குள் எதிர் வீட்டிலிருந்தும் ஒருத்தி சட்டியோடு வந்துவிட்டாள். அவள் கையிலும் புளி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஹாரன் அடிக்காமல் ஊருக்குள் வந்திருக்கிறேன். இந்த வண்டி ஹாரன் இல்லாமல் கண்மாயைத் தாண்டி வந்தால் என்ன அர்த்தம் என்று தெரிந்த ஆள்தான் நான். லடாக் கனவில் அது மறந்துபோயிருக்கிறது.

நான் நினைத்ததையே அந்த முதல் பெண்ணும் நினைத்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “மத்த ஊருக்கெல்லாம் சொல்லியாச்சா?”

“இல்ல.”

“அடிப்பாவி. இங்கன கேட்ட சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்டிருக்காது? அங்க என் நாத்தனா இருக்கா, அவளுக்கு நான் போன் போடுறேன். அதுக்கு அங்கிட்டு உள்ள ஊரெல்லாம் நீதான் போகணும். எல்லாருக்கும் போன்ல சொல்ற சாவா இது?”

வண்டியைத் திருப்பினேன். எந்தப் பக்கம் திருப்புகிறேன் என்று யோசிக்கவேயில்லை. முன்சக்கரம் ராமநாதபுரத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது. கிக்கரை மிதித்தேன். கிளம்பவில்லை. ஏழெட்டு மாத உப்புக்காற்று சும்மா விடுமா? அந்தப் பெண்கள் இரண்டு பேரும் புளிக்கையோடேயே பின்னால் தள்ளினார்கள். ஊர் எல்லை வரைக்கும் தள்ளிப் பார்த்தோம். கடைசியில் ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றித்தான் உச்சிப்புளிக்குக் கொண்டுவந்தேன். ஆட்டோவில் ஏற்றும்போது முதல் பெண் சொன்னாள்: “சொல்லிட்டுப் போனதோட நின்னுறாத. சூடை மீன் கெடச்சா எடுத்துட்டு வா.”

மெக்கானிக் அண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார். மேளா சாயங்காலத்தோடு முடிகிறது, இப்போதே ஆட்டோவை ராமநாதபுரத்துக்கு விட்டால் நேரத்துக்குப் போய்விடலாம் என்றார். அவர்கள் இதற்குக் கழிக்கிற காசில் எனக்கு ஒரு நல்ல ஹெல்மெட் கிடைக்கும் என்றும் சொன்னார்.

“பிரிங்கண்ணே” என்றேன்.

“யோசிச்சுக்க. எஞ்சினப் பிரிச்சுட்டா அப்புறம் எவனும் எடுத்துக்கமாட்டான். உன் லடாக்கு?”

“அது அங்கனயேதானே இருக்கும்.”

அவர் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டு, சைலன்சரைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார். அதைத் தொட வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். கம்பியை மட்டும் புதிதாக இறுக்கிக் கட்டினார்.

அது நேற்று. இன்று இருட்டும்வரை இரண்டு பேருமாகப் பட்டறையில் கிடந்தோம். கார்புரேட்டரில் இருந்த பச்சைப் பாசியைச் சுரண்டினோம், செயினை மாற்றினோம், பிளக்கை மாற்றினோம். கடைசியாக ஹாரன். உள்ளே முழுக்கத் துரு. கழற்றி, தேய்த்து, ஒயர் கொடுத்துப் பார்த்தபோது முதலில் தொண்டை கட்டிய மாதிரி ஒரு முனகல் வந்தது. பிறகு பட்டறையே அதிர அலறியது. வாசலில் படுத்திருந்த பூனை எழுந்து ஓடியது.

வீட்டுக்கு வந்து அய்யாவிடம் சொன்னேன். அவர் லடாக்கைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்குச் சூடைக்கும் காரலுக்கும் வித்தியாசம் தெரியும். அதில் நல்லது எது கெட்டது எது என்று தெரியாது. மீன் வாங்கக் கரைக்குத் தானும் வருவதாக அய்யா சொன்னார்.

நாளைக்குக் காலையில் கண்மாய்க்கரையிலிருந்தே ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊருக்கு ஊர் போகப்போகிறேன். யாரும் புளி ஊறப்போட வேண்டாம். வெறுங்கையோடு வாசலுக்கு வரட்டும், நின்று சொல்கிறேன். நாளை மறுநாள், பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஹாரன் அடிக்காமல் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.